நடவு முடியட்டும், பார்க்கலாம்

ஊர் பாபநாசம் பக்கம். நான் போனபோது சம்பா நடவு. இந்த முறை அண்ணியைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சிங்கப்பூரில் கிளம்பும்போதே நினைத்திருந்தேன்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இது இலவசம். 2007-ல் தமிழ்நாட்டில் முதலில் தேனியிலும் நம் தஞ்சாவூர் மாவட்டத்திலும்தான் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். ஆனாலும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், மாநிலத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நாடு முழுக்க எடுத்தால் இரண்டைக்கூடத் தொடவில்லை.

"எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே" என்றார் அண்ணி. ஊரில் எல்லாரும் சொல்வது இதைத்தான். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அது தொற்றிப் புற்றாக மாறப் பல வருடம் ஆகும். தொந்தரவு தெரிவதற்குள் கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையோடு போய்விடும். இதை எவ்வளவு சொன்னாலும் "நடவு முடியட்டும்" என்றே பதில் வந்தது. அதிலும் நியாயம் இருக்கிறது. நடவு நாளில் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு.

கடைசியில் அவர் மனதை மாற்றியது மகளிர் குழுத் தலைவி. "நான் செஞ்சுக்கிட்டேன், வலியே இல்ல" என்று குழுக் கூட்டத்தில் அவர் சொன்ன பிறகு அண்ணியோடு இன்னும் சிலரும் கிளம்பினார்கள்.

நர்ஸம்மா அருமையானவர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், வெள்ளையாக மாறினால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். முடிவும் அங்கேயே தெரிந்துவிட்டது, அண்ணிக்கு ஒன்றுமில்லை.

அறைதான் சரியில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, திரை பாதி வரைதான் மறைத்தது. வெளியே சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு ஊர் ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வந்த பெண்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. கூச்சத்தைத் தாண்டி, வீட்டுக்காரரிடம் சொல்லி, கூலியை விட்டு வந்தவர் அவர். மறுபடி அவரை யார் கூட்டி வருவது?

காத்திருந்தபோது பேசியதில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்று, இனி எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்த ஆபரேஷனில் கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தவறான நடத்தை உள்ளவர்களுக்கு வருவது என்ற பேச்சும் இருக்கிறது. ஒரே கணவரோடு வாழ்ந்தவருக்கும் தொற்று வரலாம் என்று நர்ஸம்மா உரக்கவே சொன்னார்.

ஊருக்குப் போகிறவர்கள் நடவு, அறுப்பு நாளைத் தவிர்த்துத் தேதி பாருங்கள். மாதவிலக்கு நாளில் செய்ய மாட்டார்கள். முதல் நாளே நர்ஸம்மாவிடம் கேட்டு, ஆண்கள் கூட்டம் குறைந்த நேரமாகப் போங்கள். தாழ்ப்பாளும் முழுத் திரையும் வேண்டும் என்று மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுப் பெண்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.