குடலுக்கும் சுகர் பார்டருக்கும்னு விக்கிற ஹெல்த் மிக்ஸ், ரெண்டு மாசம் குடிச்சுப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 2 ஸ்டார். அந்த ரெண்டும் வயித்துக்காக மட்டும். கம்பெனி பேரு போடலை, ஏன்னா சூப்பர்மார்க்கெட்ல அந்த ரேக்ல நிக்கிற அஞ்சாறு டப்பாவையும் திருப்பிப் பாத்தேன், கிட்டத்தட்ட ஒரே சரக்குதான், படம் தான் வேற.

ஆடி மாசம் ஆஃபீஸ்ல செக்கப் கேம்ப் போட்டாங்க, எனக்கு ஹெச்பிஏ1சி (கடந்த மூணு மாசத்து சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்டு) 6.1னு வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5 தொட்டா சுகர். வீட்ல வந்து சொன்னா எங்க அத்தை "பார்டர்னா சேலைக்குத்தானடி இருக்கும்"ங்கிறாங்க. சிரிச்சாலும் உள்ளுக்குள்ள பயம், எங்கம்மாவுக்கு சுகரால கால்ல புண்ணு ஆறாம ரெண்டு வருஷம் பட்ட பாடு கண்ணு முன்னாடி இருக்கே. நாட்டுல 13 கோடி பேருக்கு மேல இந்த பார்டர்ல நிக்கிறாங்கன்னு 2023ல வந்த ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வு சொல்லுது, இவ்ளோ கூட்டம் இருந்தா டப்பா விக்காம என்ன பண்ணுவாங்க. நாத்தனார் ஃபார்வர்டு பண்ணாங்க, நானும் வாங்கிட்டேன். 500 கிராம் 649 ரூபா, ஒரு வேளைக்கு 30 கிராம், அதாவது ஒரு டம்ளர் 39 ரூபா.

டேஸ்ட்டு ஓகே. வறுத்த கேப்பை வாசனை, மேல லேசா சாக்லேட். கட்டி விழாம கரையுது, அதுக்கு ஒரு சபாஷ்.

மொத பத்து நாளு வயிறு கடமுடான்னு ஒரே கேஸ், ஆஃபீஸ்ல மீட்டிங்ல உக்கார முடியல, நிறுத்திடலாமான்னு இருந்தேன், அப்புறம் தான் படிச்சுத் தெரிஞ்சுது, இதுல இனுலின்னு ஒரு நார் இருக்கு (இன்சுலின் இல்ல, நானும் மொதல்ல அப்படித்தான் வாசிச்சேன்), சிக்கரி வேர்ல இருந்து எடுக்குறது, அது நமக்கு செரிக்காது, நேரா பெருங்குடலுக்குப் போயி அங்க இருக்குற பாக்டீரியாவுக்கு சாப்பாடா ஆகுது, அதுங்க சாப்பிடும்போது வர்ற கேஸ் தான் இது. மூணாவது வாரம் அடங்கிருச்சு, காலைல பாத்ரூம் வேலை கரெக்டா நடந்துச்சு. நான் குடுத்த 2 ஸ்டாரும் இதுக்குத்தான்.

இப்ப டப்பால கொட்டை எழுத்துல போட்டிருக்குற "இம்யூனிட்டி பூஸ்டர்" கதைக்கு வருவோம். பாக்டீரியா நாரைத் தின்னுட்டு ப்யூட்டிரேட் மாதிரி சில அமிலத்தை விட்டுட்டுப் போகுது, பெருங்குடல் சுவத்துல இருக்குற செல்லுக்கு அதுதான் மெயின் சாப்பாடு. நாரு இல்லாத சாப்பாடே வருஷக்கணக்கா சாப்பிட்டா அந்த சுவரு லூசாகி, பாக்டீரியாவோட துண்டு துணுக்கு ரத்தத்துல கசியலாம்னு ஆராய்ச்சில சொல்றாங்க, அப்ப உடம்புல இருக்குற எதிர்ப்பு சக்தி அதைப் பாத்து எதிரி வந்துட்டான்னு சின்னதா ஒரு நெருப்பை (அழற்சின்னு சொல்றது) எப்பவும் மூட்டியே வெச்சிருக்கும். அந்த நெருப்பு இன்சுலின் வேலையையும் கெடுக்கலாம். அப்ப பார்டர்ல இருக்குற நமக்கு தேவை இம்யூனிட்டியை ஏத்தி விடுறது இல்ல, சும்மா எரியுறதை அணைக்கிறது. பூஸ்ட் பண்ணு பூஸ்ட் பண்ணுன்னு கத்துறவனுக்கு இது தெரியுமா தெரியாதான்னு எனக்கு டவுட்டு.

பக்கத்துலயே அக்கர்மான்சியான்னு ஒரு பாக்டீரியா பேரு வேற. சுகர் பார்டர்ல இருக்குறவங்க குடல்ல இது கம்மியா இருக்குன்னு 2018ல டென்மார்க்ல பாத்திருக்காங்க, அது உண்மை. ஆனா அது குறைஞ்சதால சுகர் ஏறுச்சா, சுகர் ஏறுனதால அது குறைஞ்சுதான்னு அந்த ஆய்வை வெச்சு சொல்ல முடியாது. அதை விட காமெடி, டப்பாவுக்குள்ள அந்த பாக்டீரியாவே இல்ல. பேரு மட்டும் தான்.

பின்னாடி பொடி எழுத்துல தான் விஷயமே இருக்கு. மொத ஐட்டம் அரிசி அவல் மாவு, ரெண்டாவது கேப்பை, மூணாவது மால்டோடெக்ஸ்ட்ரின். மால்டோடெக்ஸ்ட்ரின் லேபிள் கணக்குல சக்கரையா வராது, அதனால "நோ ஆடட் சுகர்"னு போட்டுக்கிறாங்க, ஆனா சக்கரையை விட வேகமா ரத்தத்துல ஏறுற மாவு அது. இனுலின் எல்லாத்துக்கும் கடைசில. ஒரு வேளைக்கு மொத்த நாரு 2.4 கிராம். ஒரு நாளைக்கு நமக்கு 30 கிராமாவது வேணும், 2.4 எந்த மூலைக்கு?

கோவத்துல குளுக்கோமீட்டர் எடுத்து நானே டெஸ்ட் பண்ணேன். வெறும் வயித்துல 108, இதைப் பால்ல கலக்கி குடிச்சு ஒரு மணி நேரத்துல 171. அடுத்த நாளு ரெண்டு கேப்பை தோசை, கீரை பொரியல், ஒரு கிண்ணம் கொண்டக்கடலை சுண்டல், அதுலயும் சுண்டலையும் கீரையையும் மொதல்ல சாப்பிட்டுட்டு தோசையை கடைசில, 138. மூணு தடவை மாத்தி மாத்திப் பாத்தேன், அஞ்சு பத்து முன்ன பின்ன இதே தான். மீட்டர் கொஞ்சம் தப்பா காட்டும், ஒத்துக்குறேன். உங்க உடம்புல இதே நம்பர் வரணும்னும் இல்ல, 2015ல இஸ்ரேல்ல 800 பேருக்கு பாத்தப்ப ஒரே சாப்பாட்டுக்கு ஆளாளுக்கு வேற வேற மாதிரி சுகர் ஏறுச்சு.

கணக்குப் போட்டா கடுப்பு தான் ஆகுது. காய்ஞ்ச கொண்டக்கடலை 100 கிராம்ல 25 கிராம் நாரு. ஒரு கைப்பிடி, 30 கிராம் ஊற வெச்சா ஏழு கிராமுக்கு மேல, விலை மூணு நாலு ரூபா தான் ஆகும். 39 ரூபா டம்ளர்ல 2.4. அத்தை இந்தக் கணக்கைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை, சமையக்கட்டுக்குப் போயி கடலையை ஊற வெச்சுட்டாங்க.

"100 கோடி நல்ல பாக்டீரியா"ன்னும் போட்டிருக்கு. அது இருக்கும், சூட்டைத் தாங்குற வகை தான், பொய்னு சொல்லலை. ஆனா மோரு என்ன பாவம் பண்ணுச்சு? 2021ல ஸ்டான்ஃபோர்டுல 36 பேரை வெச்சு பத்து வாரம் பாத்தாங்க, தயிர் மாதிரி புளிச்ச ஐட்டமா சாப்பிட்டவங்களுக்கு குடல்ல பாக்டீரியா வகை கூடுச்சு, ரத்தத்துல அழற்சியைக் காட்டுற 19 புரோட்டீன் குறைஞ்சுது. சின்ன ஆய்வு தான், இருந்தாலும் நம்ம வீட்டு மோருக்கு அது போதும். இட்லியும் புளிச்ச மாவு தானேன்னு கேப்பீங்க, ஆவில வேகும்போது பாக்டீரியா செத்துரும். பழைய சோறு, மோரு இதுல தான் உயிரோட இருக்கு. அதுக்காக பழைய சோத்தை குண்டானோட வெச்சு அடிக்கக் கூடாது, என்ன இருந்தாலும் அரிசி.

சர்வீஸ் பத்தி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்ல டயட் சார்ட் அனுப்புனாங்க. காலைல அவகேடோ டோஸ்ட்டு, சாயங்காலம் வாழைப்பழ மில்க் ஷேக்ல ரெண்டு ஸ்பூன் இதைப் போட்டுக் குடிக்கணுமாம். சுகர் பார்டர் ஆளுக்கு! 171 வந்த படத்தை அனுப்பி ஏன்னு கேட்டேன், "உங்க உடம்பு அட்ஜஸ்ட் ஆகுது மேடம்"னு பதில். சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது.

யாரு வாங்கலாம்னா, மலச்சிக்கல் இருந்து சுகர் பக்கமே போகாதவங்க வேணா ட்ரை பண்ணுங்க, அதுக்கும் மொதல்ல அரை ஸ்பூன்ல ஆரம்பிங்க. எனக்கு அடுத்த டெஸ்ட்டு தை மாசம். அதுக்குள்ள ரீஃபில் பாக்கெட் 599க்கு தர்றோம்னு நாலு மெசேஜ் வந்துருச்சு, ப்ளாக் பண்ணிட்டேன்.