தொடை இடுக்கு வியர்வைக்கு மெடிக்கலில் களிம்பு வாங்குபவர்கள் கவனத்திற்கு

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தொல்லை பற்றிய பதிவு இது: தொடை இடுக்கில் வழியும் வியர்வை. அதற்கு மருந்து என்று சொல்லி என் தலையில் கட்டிய களிம்பு வியர்வையை ஒன்றும் செய்யவில்லை, தோலைத்தான் கெடுத்தது. கடையின் பெயரைப் போடவில்லை. அதே மாதிரி ட்யூப் பக்கத்துத் தெருக் கடையிலும் கேட்டால் கிடைக்கும், அதனால் பெயர் போட்டும் பயனில்லை.

எனக்குத் திருச்சி சுற்றுவட்டாரத்தில் வசூல் வேலை. காலையில் பைக்கில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். கம்பெனி கொடுத்த பேன்ட் முழுக்கப் பாலியெஸ்டர், வண்டி சீட்டோ ரெக்சின். சித்திரை வெயிலில் இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மதியத்துக்குள் ஜட்டி நனைந்து பேன்ட்டிலும் ஈரம் தெரியும். யாராவது "உட்காருங்க சார்" என்றால் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவேன். அந்த இடத்தில் வியர்ப்பது இயல்புதான். உடம்பு முழுக்க இருக்கும் சுரப்பிகள் போதாதென்று, அக்குளில் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பியும் அங்கே உண்டு. தோலோடு தோல் ஒட்டிக் கிடப்பதால் காற்றும் புகாது. ஊறிப்போன தோலில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு தொடையின் உள்பக்கமும் வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்து, ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு. ஊரில் படர்தாமரை, படை என்று சொல்வார்களே, அதேதான்.

மெடிக்கலில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் எத்தனை நாளாக இருக்கிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த எடத்து அரிப்புதானே அண்ணே? வெயில் காலத்துல எல்லாருக்கும் வர்றதுதான். இதைப் போடுங்க, வேர்வையும் நிக்கும், அரிப்பும் நிக்கும்" என்று ஒரு ட்யூபைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "களிம்புக்கெல்லாம் எதுக்குண்ணே பில்லு" என்று சிரிப்பு. இந்த விஷயத்துக்காகப் பில் கேட்டு யார் வாக்குவாதம் செய்யப்போகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

முதல் ராத்திரியே அரிப்பு போய்விட்டது. சிவப்பும் மங்கியது. ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. அட்டையில் பொடி எழுத்தில் இருந்தவை க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல். மூன்றாவதுதான் பூஞ்சைக்கானது. முதலில் இருப்பது ஸ்டீராய்டு, அதுவும் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. அழற்சியை அமுக்கிவிடுவதால் அரிப்பும் சிவப்பும் காணாமல் போகும். ஆனால் பூஞ்சையோடு போராட வேண்டிய தோலின் எதிர்ப்பும் சேர்ந்தே அமுங்கிவிடும். பூஞ்சை உள்ளே சௌகரியமாகப் பரவும். வியர்வையை நிறுத்துகிற சமாச்சாரமோ அந்த ட்யூபில் எதுவுமே இல்லை. "வேர்வை நிக்கும்" என்றது அப்பட்டமான பொய்.

களிம்பை நிறுத்தியதும் படை திரும்பி வந்தது, இந்த முறை இடுப்பு வரைக்கும். மறுபடி அதே கடை. "அப்ப இது பவர் பத்தலைண்ணே" என்று வேறொரு ட்யூப் கொடுத்தார்கள். அதில் நான்கு மருந்துகள்: ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின், கூடவே அதே க்ளோபெட்டசால். விலையும் கூட. போட்டால் அடங்கும், விட்டால் ஏறும் என்று மழைக்காலம் வரை ஓடியது. நடுவில் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 'ஆண்களுக்கான ஸ்பெஷல் பவுடர்' ஒன்றும் வாங்கினேன். மெந்தால் வாசனையோடு கொஞ்ச நேரம் ஜில்லென்று இருந்தது, வியர்த்ததும் மடிப்பில் மாவாகக் கட்டிக்கொண்டு உராய்ந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் குளிக்கும்போதுதான் கவனித்தேன். தொடை மேல்பக்கம், மடிப்பை ஒட்டி, கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் விழுமே, அதுபோல ஊதாச் சிவப்பில் கோடுகள். தோல் காகிதம் மாதிரி மெலிந்து, தடவினால் எரிந்தது. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா பார்த்ததுமே கேட்ட முதல் கேள்வி, "என்ன ட்யூப் போட்டீங்க?" தினமும் இப்படிப் பலர் வருகிறார்களாம். கூச்சப்பட்டு நான் இழுத்ததை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. படையின் ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. கிளைகிளையாக நூல் போலத் தெரிந்த பூஞ்சையை எனக்கும் காட்டினார்கள். மெடிக்கலில் இந்தப் பரிசோதனை கிடையாது. அங்கே பூஞ்சையா, பாக்டீரியாவா, வெறும் உராய்வுப் புண்ணா என்று பார்ப்பவரே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்.

அந்த இடத்துத் தோல் மருந்தை உறிஞ்சுவதே தனிக் கணக்கு. ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது, முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் 42 மடங்கு அதிகமாக உறிஞ்சியது. அந்த மருந்து ஸ்டீராய்டுகளில் சாதுவானது. க்ளோபெட்டசாலை அங்கே தினமும் தேய்க்கச் சொல்லி விற்பவரை என்ன சொல்வது?

சிகிச்சையில் ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பும் மாத்திரையும். மறைந்த பிறகும் சில வாரம் தொடரச் சொன்னார்கள். இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள், அதன் ஈரத்தில் பூஞ்சை தங்குமாம். அம்மாவுக்கு அது மட்டும் மனசே இல்லை. வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டபோதுதான் தம்பியும் சொறிந்துகொண்டு திரிவது நினைவுக்கு வந்தது. ஒரே துண்டு, ஒரே வாளியில் ஊறும் கைலி. இருவருக்கும் சேர்த்து வைத்தியம் நடந்தது. துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயப்போட்டோம்.

வியர்வைக்குத் தனியாகப் பார்த்தார்கள். தைராய்டு, சர்க்கரை சோதனை, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்ற விசாரணை. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். எனக்கு எதுவும் இல்லை. படை முழுக்க ஆறிய பிறகு, குறைந்த வீரியத்தில் அலுமினியம் குளோரைடு கொடுத்தார்கள். ராத்திரி படுக்கும்முன் நன்றாக உலர்ந்த தொடை மடிப்பில் மட்டும் பூசி, காலையில் கழுவ வேண்டும். புண்ணிலோ விதைப்பையிலோ படக்கூடாது, எரிந்தால் இடைவெளி விட வேண்டும். கிளைக்கோபைரோலேட் மாத்திரையும் இருக்கிறது. ஆனால் அது உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும், வாய் வறளும். வெயிலில் அலைகிற ஆளுக்கு உடம்புச் சூடு தணிய வழியில்லாமல் போகலாம் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார்கள். போடாக்ஸ் ஊசியும் சில மாதம் தாங்குமாம், விலையைக் கேட்டு நானே பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையில் அதிகம் உதவியது பையில் ஒரு மாற்று ஜட்டி வைத்து மதியம் துடைத்து மாற்றிக்கொள்வதும், பாலியெஸ்டர் பேன்ட்டை விட்டு அதே நிறத்தில் தொளதொளப்பான காட்டன் பேன்ட் தைத்துக்கொண்டதும்தான்.

குணமான பிறகு கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்கதானே வந்து கேட்டீங்க? டாக்டர்கிட்ட போனா ஐநூறு ரூவா. நாங்க நூறு ரூவாயில முடிச்சுக் கொடுக்கிறோம்" என்றார் முதலாளி. முடித்துக் கொடுத்த லட்சணம் என் தொடையில் இருக்கிறது. அந்தக் கோடுகளின் நிறம் மங்கினாலும் முழுக்கப் போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது. பெட்டியில் சிவப்புக் கோடும் எச்சரிக்கை வரியும் இருக்கும். பேப்பரில் சுற்றிக் கொடுத்தால் அதெல்லாம் எங்கே தெரியும்?

பெயர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன். இவை ஸ்டீராய்டு. மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல் இவை பூஞ்சைக்கானவை. காதுக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் வாய்ப்பேச்சை நம்பாமல் பெட்டியோடு வாங்கிப் படியுங்கள். பில்லும், அதில் பேட்ச் எண்ணும் இருந்தால்தான் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் நிற்கும். பில் இல்லாத என் புகாரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி.

இப்போது அப்படி ஒரு ட்யூபைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: நிறுத்தினால் சில நாளில் அரிப்பும் எரிச்சலும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். எனக்கும் கிளம்பியது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதே ட்யூபைப் பிதுக்காதீர்கள். பாதி காலியான ட்யூபையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், நீங்கள் வாய்திறந்து விளக்க வேண்டிய பாதியை அதுவே சொல்லிவிடும். அரசு மருத்துவமனையில் காலையில் சீக்கிரமே போனால் வரிசை குறைவு.