லாட்ஜ் நடத்துகிறவர்களே, வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள்

2023 டிசம்பர் 19, ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு போகிற கூட்டத்தால் எங்கள் லாட்ஜில் 11 ரூமும் நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் ஓசூரிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. வயதான அம்மா ஒருவர், கைக்குழந்தை, இன்னும் ஏழு பேர். மூன்று ரூமுக்கு 6,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் நோட்டில் அந்தப் பெயரே இல்லை.

"இது உங்க லாட்ஜ்தானேம்மா?" என்று அந்த அம்மாவின் மகன் போனை நீட்டினார். எங்கள் லாட்ஜ் பெயர், எங்கள் தெரு, எங்கள் வெப்சைட். கீழே இருந்த போன் நம்பர் மட்டும் எங்களுடையது இல்லை.

மாமனாரும் மாமியாரும் தங்கள் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஹாலில் பாய் விரித்தோம். விடிவதற்குள் அதேபோல இன்னும் மூன்று குடும்பம் வந்தது. அவர்களுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தது என்று மறுநாள் ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சின்ன லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி மாமனார் கட்டிய லாட்ஜ் எங்களுடையது. இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்கள். நாத்தனார் மகன் கல்லூரியில் படிக்கும்போது போட்டுக் கொடுத்த வெப்சைட் ஒன்று இருந்தது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதில் ஒரு பக்கம் இருந்தது. ஒன்பது கோயிலையும் எந்த வரிசையில் பார்த்தால் ஒரே நாளில் முடிக்கலாம் என்று மாமனார் கைப்பட எழுதியதை அப்படியே தட்டச்சு செய்து போட்டிருந்தோம். விடியற்காலையில் கிளம்பி முதலில் திங்களூர், அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். மதியம் நடை சாத்திவிட்டால் பெரும்பாலும் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் எங்கே சாப்பிட்டு எங்கே காத்திருப்பது. அப்புறம் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. போன் பண்ணுகிறவர்களில் நிறையப் பேர் "அந்த லிஸ்ட்டைப் படிச்சுட்டுத்தான் கூப்பிடுறோம்" என்பார்கள்.

2023 ஜூனில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறோம் என்று ஒருவர் வந்தார். நல்ல பேச்சு. "அக்கா, ஆன்லைன் புக்கிங் கம்பெனிக்கு ஏன் கமிஷனா கொட்டிக் கொடுக்கறீங்க? உங்க வெப்சைட்டை மாத்துங்க, மூணே மாசத்துல கூகுள்ல முதல் இடம்" என்றார். கமிஷன் விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு ரூமுக்கும் ஐந்தில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. 38,000 ரூபாய் முதலில், அப்புறம் மாதம் 4,500 என்று பேசி முடித்தோம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அதை நான் பின்னால்தான் படித்தேன். அப்படி உத்தரவாதம் கொடுக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, "சர்வர் மாத்தறோம்க்கா, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார். சொன்னேன். எல்லாத் தவறும் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஓடிபியை வைத்து எங்கள் டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, அவருடைய கணக்குக்கு மாற்றி, உரிமையாளர் பெயர், இமெயில் எல்லாவற்றையும் அவருடையதாக்கிக்கொண்டார். வெப்சைட்டின் சர்வரை மாற்றுவதற்கு முகவரியின் உரிமை கைமாற வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

ஆகஸ்டில் புது வெப்சைட் வந்தது. திறந்ததும் ஒரு நீச்சல்குளம். பின்னால் மலை. எங்கள் ரூம் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "இதெல்லாம் டெம்ப்ளேட் படம்க்கா, ஒரு ஃபீலுக்குத்தான்" என்றார். மாமனார் எழுதிய கோயில் பக்கத்தை எடுத்துவிட்டு, இயற்கையின் மடியில் சொகுசுத் தங்கல் என்பது மாதிரி ஆங்கிலத்தில் நாலு பத்தி போட்டிருந்தார். படங்கள் அவ்வளவு பெரியவை, போனில் திறக்கவே அரை நிமிடம் ஆனது. எங்களைத் தேடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வண்டியில் வந்துகொண்டே போனில் பார்க்கிறவர்கள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு குடும்பம் வந்தது. இரண்டு குழந்தைகள், கையில் நீச்சல் டிரெஸ். "ஆன்ட்டி, பூல் எங்க?" என்று அந்தப் பெண் குழந்தை கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் அப்பா எங்களைத் திட்டினார். அதில் நியாயம் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் அனுப்புவார். கோடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும், முதல் இடம் என்று பச்சையில் போட்டிருக்கும். எந்த வார்த்தையைத் தேடினால் முதல் இடம் என்று பார்த்தால், எங்கள் லாட்ஜின் பெயர். அந்தப் பெயரில் ஊரில் வேறு லாட்ஜே இல்லை. பெயரையே போட்டுத் தேடினால் நாங்கள்தானே வருவோம்? நவக்கிரக டூர், திருநாகேஸ்வரம் பக்கத்தில் ரூம் என்று தேடினால் எங்களைக் காணவில்லை. இப்படி ரிப்போர்ட் வந்தால் முதலில் அந்த வார்த்தையைப் பாருங்கள்.

கூகுள் மேப்பில் எங்களுக்கு வருடக்கணக்காகச் சேர்ந்த நல்ல விமர்சனங்கள் இருந்தன. அதற்கு நடுவில் ஒரே வாரத்தில் இருபதுக்கும் மேல் ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் வந்து விழுந்தன. ஒன்றில் கடல் காட்சி பிரமாதம் என்று இருந்தது. காவிரிக்கரை ஊரில் கடலுக்கு எங்கே போவது! பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் பண்ணி, "என்னம்மா, நீங்களுமா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார். மாமனார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

போன் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணுவதற்காக ஒரு நம்பர் போடுகிறோம், அது உங்களுக்கே வந்து சேரும் என்று சொல்லித்தான் வெப்சைட்டிலும் கூகுள் மேப்பிலும் நம்பரை மாற்றினார். கொஞ்ச நாள் வந்தது. பிறகு அவர்கள் ஆளே எடுத்துப் பேசி, அவர்கள் யூபிஐ கணக்கில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். சில புக்கிங்கை எங்களுக்குச் சொன்னார்கள், சிலதைச் சொல்லவில்லை. டிசம்பர் 19 ராத்திரி அவருக்கு 14 தடவை போன் செய்தோம். எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "கால் சென்டர்ல ஏதோ மிஸ்டேக்க்கா" என்றார். நாலு குடும்பத்துக்கும் அட்வான்ஸை நாங்கள்தான் திருப்பிக் கொடுத்தோம். எங்கள் பெயரை நம்பித்தானே கட்டினார்கள்?

ஜனவரியில் மாதப் பணத்தை நிறுத்தினோம். பிப்ரவரியில் வெப்சைட் காணாமல் போனது. முகவரியை விட வேண்டுமானால் 25,000 ரூபாய் என்றார். அதே மாதம்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து ஒன்பது கோயிலுக்கும் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட ஆரம்பித்தது. முதல் நாள் ராத்திரி வந்து தங்கி, விடியற்காலை பஸ் ஏறுகிறவர்களுக்கு எங்களைப் போன்ற லாட்ஜ்தான் வசதி. அவர்கள் தேடிய நேரத்தில் நாங்கள் எங்குமே இல்லை.

25,000 கொடுக்கவில்லை. கொடுத்தாலும் விடுவார் என்ற நம்பிக்கை இல்லை. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைத்து, அவர்கள் தளத்திலும் புகார் பதிவு செய்தோம். அட்வான்ஸ் கட்டிய ரசீதுகளை ஓசூர்க்காரர் அனுப்பி உதவினார். விசாரணை இன்னும் முடியவில்லை.

கூகுள் மேப் கணக்கு திரும்பக் கிடைத்தது. அதில் அவர் முதன்மை உரிமையாளர், நாங்கள் வெறும் மேலாளர். உரிமை கேட்டு கூகுளிலேயே விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் கொடுப்பார்கள். அவர் பதில் சொல்லவில்லை. பிறகு தெருவிலிருந்து பெயர்ப்பலகை, ரிசப்ஷன், ரூம் சாவி மாட்டும் பலகை வரை நடந்தே வீடியோ எடுத்து அனுப்பி உறுதி செய்தோம். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அந்தக் கணக்கே இலவசம்தான். அதை உருவாக்கிக் கொடுப்பதற்கு அவர் எங்களிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்.

டொமைன் கிடைக்கவில்லை. அதைப் பதிவு செய்த நிறுவனத்திடம் கேட்டால், உரிமையாளர் என்று அவர் பெயர்தான் இருக்கிறது என்கிறார்கள். வேறு ஒரு முகவரி வாங்கினோம். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான். என் வீட்டுக்காரர் பெயர், எங்கள் இமெயில், எங்கள் போன். உங்கள் வெப்சைட்டை வேறு யாராவது பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், டொமைன் கணக்கில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதை இன்றைக்கே உள்ளே போய்ப் பாருங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

மாமனாரின் கோயில் பக்கம் எங்களிடம் இல்லை. எழுதிய தாளும் தொலைந்துவிட்டது. நாத்தனார் மகன்தான் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி, பழைய வெப்சைட்டின் நகல் அங்கே சேமிப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தான். அதைப் பார்த்ததும் மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுதும் படித்து, இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்.

இப்போதைய வெப்சைட்டை அவனே செய்து கொடுத்தான். காலை வெளிச்சத்தில் போனில் எடுத்த ஒன்பது படம், அளவு குறைத்துப் போட்டது. லிஃப்ட் இல்லை, மாடிக்கு 22 படி என்று எழுதியிருக்கிறோம். வெந்நீர் எத்தனை மணிக்கு, வேன் எத்தனை நிற்கும், டிரைவர் படுக்க இடம் எங்கே, வாடகை எவ்வளவு, எல்லாம் தமிழில். போன் நம்பரைத் தொட்டால் நேராக என் கைக்கு வரும். போன தை மாதம் 31 ரூம் இப்படி நேரடியாகப் பதிவானது. படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே கீழ்த்தள ரூம் கேட்கிறார்கள். வந்து இறங்கியபின் சண்டை இல்லை.

தங்க வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். லாட்ஜ் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, வேறு வழியில் நம்பர் வாங்கிக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் குற்றத் தடுப்பு மையமும் யாத்ரீகர்களைக் குறிவைக்கும் போலி புக்கிங் தளங்களைப் பற்றி எச்சரித்தது. கோயில் ஊர்களில்தான் இது அதிகம் நடக்கும். பெயர்ச்சி, திருவிழா நாட்களில் ரூம் கிடைத்தால் போதும் என்று அவசரமாகப் பணம் கட்டுவோம்.

பழைய முகவரி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. எங்கள் பணத்திலேயே ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார், 2028 ஜூன் வரை. மகாமகம் அதே 2028-ல், மாசியில். அதற்குள் யாரும் அந்த முகவரியைப் பார்த்துப் பணம் கட்டிவிடக்கூடாது என்று பில், சாவிக்கொத்து, காலண்டர் என அது அச்சாகியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். பெயர்ப்பலகையில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத நாளைக் காலையில் பெயின்டர் வருகிறார்.