அப்பாவுக்கு முதுகில் ஒரு ஊசி

மெல்பர்னிலிருந்து 3 வார விடுப்பில் ஊருக்குப் போனதே அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்காகத்தான். காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தால் போதும் என்றார்கள். வசதி இல்லாமல்தான் இப்படிச் சமாளிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். மதுரைக்கே கூட்டிப் போய்விடலாமா என்றேன். "அங்க போனாலும் இதே ஊசிதாண்டா" என்றாள் அக்கா.

அந்த ஆஸ்பத்திரிக்கென்று மயக்க டாக்டர் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் நாலைந்து இடங்களுக்கு ஒருவரே பைக்கில் வந்து போகிறார். முந்தின நாள் மாலை வந்தவர், அப்பாவின் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். குளோபிடோக்ரெல் அட்டையைப் பார்த்ததும், "நாளைக்கு ஆபரேஷன் இல்லை" என்றார். ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை அது. ஊசி இறங்கிய இடத்தில் ரத்தம் கட்டினால் நரம்பை நசுக்கி, கால் விளங்காமலே போகலாமாம். இதய டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. தேதி குறித்தவர்கள் இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா? விடுப்பில் ஒரு வாரம் போச்சு.

அடுத்த முறை வந்தபோது நான் விடவில்லை. ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால்? ஆக்சிஜன், மயக்க மெஷின், தொண்டையில் போடும் குழாய் எல்லாம் தயாராக இருப்பதைக் காட்டினார். நீங்களும் போகிற இடத்தில் இதைக் கேளுங்கள். ஊசிதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், முன்னாலேயே டிரிப்ஸ் ஏற்றிக் கூடவே கவனிக்க வேண்டும். மற்றபடி நோயாளி தானே மூச்சுவிடுகிறார், தொண்டையில் குழாய் வேண்டாம். இடுப்புக்குக் கீழே செய்யும் பல ஆபரேஷன்களுக்கு இதுவே போதும். மருந்து சில மில்லிதான். தண்டுவடம் முடிந்துவிடும் இடத்துக்கும் கீழேதான் ஊசி போடுவார்கள் என்று விளக்கியதும் அப்பாவுக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதி, ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று பெரியம்மா சொல்லி வைத்தது. ஊசி போட்ட இடம் நாலு நாள் வலிக்கலாம், தீராத முதுகுவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். பெரியம்மா இன்னும் நம்பவில்லை.

முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். "உள்ளே எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பைபாஸ் பக்கம் மனை விலை பேசிக்கிட்டே தச்சாங்க" என்றார் அப்பா. கால் தன்னுடையது மாதிரியே இல்லை, யாரோ மரக்கட்டையைப் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்று மணி வாக்கில் கட்டைவிரல் அசைந்தது. அதோடு முடியவில்லை. இந்த ஊசிக்குப் பிறகு சிறுநீர் கட்டிக்கொள்ளும் என்பதால் அரை மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, "ஐயா, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்கு ஒருவழியாகப் போனார். அந்தச் செய்தி மெல்பர்ன் வரைக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது.