ஸ்கைப் போய்விட்டது, ஆன்லைன் பாட்டு வகுப்புக்கு இனி எது?

சென்னையில் இருக்கும் டீச்சர் நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்குக் கர்நாடக சங்கீத வர்ணம் சொல்லிக்கொடுக்க, பல வருஷம் ஸ்கைப்தான் கைகொடுத்தது. 2003இல் வந்த ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2025 மே 5 அன்று மூடியது. அதற்கும் மூத்தது யாஹூ மெசஞ்சர். 1998இல் தொடங்கி 2018 வரை ஓடிய அதை அரட்டைக்குத்தான் சொல்லலாம், பாட்டுக்குச் சொல்ல முடியாது. இன்று நம் கையில் இருப்பவை ஜூம், கூகுள் மீட், டீம்ஸ், வாட்ஸ்அப். பேச எதுவானாலும் போதும், பாட எல்லாம் சரிப்படாது.

ஸ்கைப்பின் 'சில்க்' கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பேச்சுக்கென்றே எழுதப்பட்டது. ஒலியை வினாடிக்கு 24,000 முறை அளந்து எடுப்பதுதான் அதன் உச்சம். அதையும் இன்னொரு கோடெக்கையும் சேர்த்து 2012இல் வந்த ஓபஸ் 48,000 வரை போகும். அதாவது ஒலி போகும் குழாய் பெரிதாகிவிட்டது. ஆனால் குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் இரைச்சல் நீக்கியும் கூடவே முரடாகிவிட்டது. விசிறிச் சத்தம், ஏசி உறுமல் என்று மாறாமல் ஒலிப்பதையெல்லாம் அது இரைச்சல் என்று வெட்டும். சுருதிப்பெட்டியும் மாறாமல் ஒலிப்பதுதானே! முதல் சில வினாடி கேட்கும், பிறகு காணாமல் போகும். மேல் ஷட்ஜத்தில் நீண்ட கார்வை (ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது) பிடித்தால் அதுவும் பாதியில் தேயும். பிள்ளைக்கு மூச்சு போதவில்லை என்று டீச்சர் திருத்துவார், பாவம் பிள்ளை.

இந்த வெட்டலை நிறுத்த ஜூமில் நல்ல வழி இருக்கிறது. செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். மைக் ஒலியளவைத் தானாக மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் தார ஸ்தாயியில் குரல் ஏறும்போதெல்லாம் அமுக்கும். வகுப்பு தொடங்கியதும் திரையில் ஒரிஜினல் சவுண்ட் 'ஆன்' என்று காட்டுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பாதிப் புகார்கள் இதை மறந்ததால் வருபவை. பாடுகிறவர் பக்கம் இதைச் செய்வது அவசியம். டீச்சர் பக்கம் மட்டும் செய்தால் பிள்ளையின் குரல் பழையபடி வெட்டுப்பட்டே வரும்.

எக்கோ கேன்சலேஷனையும் (எதிரொலி நீக்கி) அணைத்தால் ஒலி இன்னும் சுத்தம், ஆனால் ஹெட்ஃபோன் கட்டாயம். அதுவும் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தவுடன் அது பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதானாலும் கதை அதுதான்.

சுருதியை எந்தப் பக்கம் வைப்பது? பாடுகிறவர் பக்கம். பிள்ளை ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) பாடினால் பிள்ளையின் அறையிலேயே ஐந்து கட்டை சுருதி ஒலிக்கட்டும். மைக்கிலிருந்து வாய் ஓரடி, சுருதிப்பெட்டி மூன்றடி. இரண்டும் ஒரே மைக்கில் போனால்தான் சேர்கிறதா இல்லையா என்று டீச்சருக்குத் தெரியும். அந்த நேரம் டீச்சர் தன் சுருதியை நிறுத்திவிட வேண்டும்.

சேர்ந்து பாடுவது மட்டும் எதிலும் நடக்காது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஒரு வழிக்கே 65 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது, அதன் மேல் செயலியின் தாமதம் வேறு. சேர்ந்து பாட 30 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். ஆகவே டீச்சர் பாடி நிறுத்தியபின் பிள்ளை பாடட்டும், தாளமும் பிள்ளையே போடட்டும். பிள்ளையின் குரலோடு சேர்த்து டீச்சர் தாளம் தட்டினால் அது அங்கே பிந்தித்தான் போய்ச் சேரும்.

ஜூமின் குறை, இலவசக் கணக்கில் 40 நிமிஷத்தில் வெட்டுவது. இருவர் மட்டும் இருந்தாலும் அதேதான். ஒரு மணி நேர வகுப்பு என்றால் வர்ணத்தையும் கீர்த்தனையையும் இரண்டு அமர்வாகப் பிரித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். கூகுள் மீட்டில் இருவருக்கு 24 மணி நேரம், மூவரோ அதற்கு மேலோ என்றால் இலவசக் கணக்கில் 60 நிமிஷம். பிரவுசரிலேயே திறக்கும், பாட்டிகூட லிங்க்கைத் தட்டி உள்ளே வந்துவிடுவார். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பாடங்கள் அளவுக்கு அது போதும். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நுணுக்கமாகும்போது ஜூமுக்கு மாறுவதே மேல். டீம்ஸ் அலுவலகத்துக்குப் பிறந்தது, வீட்டில் பழைய லேப்டாப்பில் அதன் கனம் தெரியும். வாட்ஸ்அப்பை வகுப்பு நேரம் மாற்றச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் தடுமாறினால் முதலில் எச்டி வீடியோவை அணையுங்கள், அப்புறமும் முடியாவிட்டால் வீடியோவையே. வைஃபையை விட லேன் வயர் மேல்.

பதிவுக்கும் ஜூம்தான். கணினியில் இலவசக் கணக்கிலேயே பதியலாம், கைபேசியில் அது முடியாது. ரெக்கார்டிங் செட்டிங்ஸில் ஒவ்வொருவருக்கும் தனி ஆடியோ ஃபைல் என்ற டிக்கைப் போட்டால் பிள்ளையின் குரல் மட்டும் தனியாகக் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஓட விட்டு வாய்ஸ் நோட்டாகப் பிடித்து அனுப்பினால் சுருதி மறுபடியும் தேய்ந்துதான் போகும்.