போஸ்ட்கிரெஸ் காப்பை மீட்பதற்கு எது ஏற்றது: எஸ்கியூஎல் உரைக்கோப்பா, கஸ்டம் வடிவமா?

போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளில் நான் பராமரிக்கும் தரவுத்தளங்களின் இரவுநேரக் காப்பு (பேக்அப்) நெடுங்காலம் சாதாரண எஸ்கியூஎல் உரைக்கோப்பாகவே எடுக்கப்பட்டு வந்தது. அண்மையில் அதைக் கஸ்டம் என்னும், போஸ்ட்கிரெஸுக்கே உரிய காப்புக் கோப்பு வடிவத்துக்கு மாற்றினேன். இரண்டையும் எடுப்பது பிஜி_டம்ப் என்னும் ஒரே கருவிதான். திரும்ப ஏற்றுவதற்கு உரைக்கோப்பென்றால் பிஎஸ்கியூஎல் என்னும் கட்டளைக் கருவி போதும். கஸ்டம் கோப்பென்றால் பிஜி_ரீஸ்டோர் என்னும் மீட்புக் கருவி வேண்டும். கஸ்டம் கோப்பு இயல்பாகவே சுருக்கப்பட்டு வருவதைப் பலரும் முதல் காரணமாகச் சொல்வார்கள். உரைக்கோப்பை ஜிஸிப் என்னும் சுருக்கும் நிரல் வழியே அனுப்பினாலும் வட்டில் இடம் மிச்சமாகும் என்பதால் நான் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

எதை மீட்பது என்ற முடிவை எப்போது எடுக்க வேண்டியிருக்கிறது என்பதே என் பார்வையில் தீர்மானமான காரணம். என்னிடம் வரும் மீட்பு வேண்டுகோள்களில் பெரும்பாலானவை முழுத் தரவுத்தளத்தைப் பற்றியவை அல்ல. நிபந்தனை விடுபட்ட ஒரு டிலீட் கட்டளையால் காலியாகிப்போன ஓர் அட்டவணையைப் பற்றியவை. அந்நிலையில் கையில் உரைக்கோப்பு மட்டும் இருந்தால், அதை முழுவதுமாக வேறொரு தற்காலிகத் தரவுத்தளத்தில் ஏற்றி வேண்டிய வரிகளை அங்கிருந்து எடுக்க வேண்டும்; இல்லையேல் அந்த அட்டவணையின் தரவை ஏற்றும் காப்பி கட்டளை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தேடி, செட் அல்லது ஆக் என்னும் உரை கையாளும் கருவியைக் கொண்டு வெட்டியெடுக்க வேண்டும். கஸ்டம் கோப்பிலோ ஒரு பொருளடக்கம் உள்ளேயே இருக்கிறது. பிஜி_ரீஸ்டோரைச் சிறிய ‘எல்’ சுவிட்சுடன் (கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) இயக்கினால் அந்தப் பட்டியல் வெளிவரும். அதில் அட்டவணையின் வரையறை, அதன் தரவு, தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்கள், கட்டுப்பாடுகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக நிற்கும். வேண்டாத வரிகளின் முன்னால் அரைப்புள்ளி இட்டுவிட்டு, திருத்திய பட்டியலைப் பெரிய ‘எல்’ சுவிட்சுடன் கொடுத்தால் எஞ்சியவை மட்டுமே மீளும். அட்டவணை அப்படியே இருந்து அதிலுள்ள தரவு மட்டும் போயிருந்தால், பட்டியலில் தரவுக்குரிய ஒரே வரியை விட்டுவைத்தாலே போதும். சிறிய ‘டி’ சுவிட்சில் அட்டவணையின் பெயரைக் கொடுக்கும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் பிஜி_டம்பில் உள்ள அதே பெயர் கொண்ட சுவிட்சைப் போலன்றி, இது இன்டெக்ஸ்களைக் கூடவே கொண்டுவருவதில்லை. அதனால் நான் பட்டியல் வழியையே விரும்புகிறேன்.

முழு மீட்பிலும் கஸ்டம் வடிவத்துக்குச் சாதகம் உண்டு. 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்து ‘ஜே’ சுவிட்சின் மூலம் பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் ஏற்ற முடிகிறது. தரவு ஏறிய பிறகு இன்டெக்ஸ்களைக் கட்டும் கட்டத்தில் இதன் பயன் நன்றாகத் தெரியும். ஆயினும் ஒற்றைப் பேரட்டவணையின் தரவு ஒரே இணைப்பில்தான் ஏறும். மேலும் இந்தச் சுவிட்சை எல்லாம் ஏறும் அல்லது எதுவுமே ஏறாது என்னும் ஒற்றைப் பரிவர்த்தனைத் தெரிவுடன் சேர்க்க இயலாது. வேறொரு நிரலிலிருந்து பைப் வழியாக நேரே வரும் உள்ளீட்டுக்கும் இது பொருந்தாது.

பிழைகளைக் கையாளும் விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டும் இயல்பாகப் பிழையைத் தாண்டி மேலே செல்பவைதாம். ஆனால் பிஜி_ரீஸ்டோர் முடிவில் பிழைகளின் எண்ணிக்கையைச் சொல்லித் தோல்விக் குறியீட்டுடன் வெளியேறுகிறது. பிஎஸ்கியூஎல்லோ பிழையில் நிற்கச் சொல்லும் ஆன்_எரர்_ஸ்டாப் மாறியை அமைக்காவிட்டால் வெற்றி என்றே சொல்லிவிடும். தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

உரைக்கோப்பின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. எந்த உரைத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம், கையால் திருத்தலாம். புதிய பதிப்பில் எடுத்த கஸ்டம் கோப்பைப் பழைய பிஜி_ரீஸ்டோர் திறக்க மறுக்கும் சிக்கலும் இதில் எழுவதில்லை. எனினும் கஸ்டம் கோப்பிலிருந்து ‘எஃப்’ சுவிட்ச் மூலம் எஸ்கியூஎல் உரையைப் பெற்றுக்கொள்ள முடியும். உரையிலிருந்து கஸ்டம் கோப்பைப் பெறுவதற்கு அப்படி ஒரு நேர்வழி இல்லை. அட்டவணை அமைப்பை மட்டும் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைக்க நான் இன்னும் உரைக்கோப்பையே பயன்படுத்துகிறேன்.

எந்த வடிவமானாலும் பயனர்களும் அவர்களின் கடவுச்சொற்களும் பிஜி_டம்பில் வருவதில்லை. அவற்றைப் பிஜி_டம்ப்ஆல் கொண்டு தனியே எடுத்து, மீட்பின்போது முதலில் ஏற்ற வேண்டும். மீட்பு முடிந்ததும் தரவின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையையும் இயக்கிவிடுவது நல்லது. கோப்பு மட்டத்தில் முழுச் சர்வரையும் நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்அப்பை நான் ஒத்திகையில் மட்டுமே இயக்கியிருக்கிறேன் என்பதால், மிகப் பெரிய தரவுத்தளம் வைத்திருப்போரும், விபத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நிமிடத்துக்கே திரும்ப வேண்டியவர்களும் என் சாய்வைத் தங்களுக்குரிய விடையாகக் கொள்ள வேண்டாம்.