இன்ரீச் மினி 2: தனியாகப் போகிறவர் மாட்ட வேண்டிய இடம் ஒன்று, கூட்டமாகப் போகிறவர்கள் மாட்ட வேண்டிய இடம் வேறு

வாரக்கணக்கில் நீளும் நடைபாதையில் தனியாகப் போகிறவருக்குத் துணையாக ஒருவர் இருந்தால், கணுக்கால் பிசகும்போது அவர் ஓடிப்போய் ஆள் கூட்டி வருவார். கார்மின் இன்ரீச் மினி 2 என்ற செயற்கைக்கோள் சேதிக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. கட்டுப் போடாது, தண்ணீர் கொண்டுவந்து தராது, சேதி மட்டும் சொல்லும்.

எடை 100 கிராம். செல்போன் கோபுரம் இல்லாத இடத்திலும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் சேதி போகும், பதிலும் வரும். சந்தா கட்டாவிட்டால் எஸ்ஓஎஸ், அதாவது அவசர உதவி அழைப்புகூட, வேலை செய்யாது. பாதைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், வீட்டிலேயே சந்தாவைத் தொடங்கி, திறந்த வெளியில் நின்று ஒரு சோதனைச் சேதி அனுப்பிப் பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்பினால் பேட்டரி 14 நாள் வரை வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அது வானம் முழுதாகத் தெரியும் இடத்துக்கான கணக்கு. அடர்ந்த மரங்களுக்கடியில் சேதி போகாமல் கருவி திரும்பத் திரும்ப முயலும், சார்ஜும் கரையும்.

தனியாகப் போகிறவர் செய்யும் பெரிய தப்பு, இதைப் பைக்குள் வைப்பதுதான். சரிவில் விழும்போது கை பைக்குள் எட்டாமல் போய்விட்டால் கருவி இருந்தும் இல்லாத கதைதான். தோள்பட்டை வாரில், ஆன்டெனா மேல்நோக்கி நிற்கும்படி, ஆடாமல் மாட்டுங்கள். வளையத்தில் தொங்கவிட்டால் நடக்க நடக்கச் சுழன்று உடம்புப் பக்கம் திரும்பிவிடும்; உடம்பு அலையை மறைக்கும்.

கருவியின் பொத்தான்களில் எழுத்து எழுத்தாகத் தேடி அடிப்பது பெரிய எரிச்சல். புளூடூத்தில் போனை இணைத்தால் சுலபம், ஆனால் அதே விழுகையில் போனும் உடையலாம். அதனால் “நலம்”, “இன்று இங்கே தங்கல்”, “தாமதம், ஆபத்தில்லை” ஆகிய மூன்றையும் தயார் சேதிகளாகப் புறப்படும் முன்பே கார்மின் இணையக் கணக்கில் பதிந்து, கருவியோடு ஒத்திசைத்துவிடுங்கள். எத்தனை மணிநேரம் சேதி வராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் வீட்டில் பேசி வையுங்கள். இல்லாவிட்டால் மரநிழலில் சிக்கிய ஒரு சேதிக்காக அங்கே எல்லோரும் பதறுவார்கள்.

கூட்டமாகப் போனால் இது தேவையில்லை என்பார்கள். ஒட்டியே நடக்கும் இருவருக்கு ஒன்று போதும் என்பது சரி. நாலைந்து பேர் என்றால் மதியத்துக்குள் வரிசை நீண்டுவிடும். கருவி வைத்திருப்பவர் வேகக்காரர் என்றால், பின்தங்கி வந்து விழுபவருக்கு அதனால் என்ன பயன்? அது கடைசியாக வருபவரிடம்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டு மூடியைத் தூக்கி, எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் இறங்கும் எண்ணிக்கை முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கருவியின் சொந்தக்காரரே மயங்கிக் கிடக்கலாம் அல்லவா?

துணையின் அருமை எஸ்ஓஎஸ் அழுத்திய பிறகுதான் தெரியும். என்ன காயம், நினைவு இருக்கிறதா, நடக்க முடியுமா என்று அவசர உதவி மையம் கேள்வி அனுப்பும். இருவர் இருந்தால் ஒருவர் காயத்தை அழுத்திப் பிடிப்பார், மற்றவர் பதில் அடிப்பார். தனி ஆளுக்கு அதே இரண்டு கைதான்.

சந்தா வேண்டாம் என்பவர்களுக்கு, ஆபத்துச் சமிக்ஞை மட்டும் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் என்ற கருவி இருக்கிறது. இயக்கினால் குறைந்தது 24 மணிநேரம் சமிக்ஞை அனுப்பும், ஆனால் “தாமதம், ஆபத்தில்லை” என்று அதில் சொல்ல வழியில்லை. பிரியாமல் நடக்கும் குழுவுக்கு அது போதும். தனியாகப் போகிறவருக்கு மினி 2.